சாலையும் வானொலியும்

முன்னுரை

சாலையில் நேரும் இடர் ஊரார் எல்லோருக்கும் உரிய செய்தியன்று. பாலத்தின் மேல் ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கிறது என்றால், அடுத்த கால் மணி நேரத்தில் அந்தத் திசையில் அந்தப் பாலத்தைக் கடக்கவிருக்கும் சில நூறு பேருக்குத்தான் அது உயிர் காக்கும் செய்தி. மற்றவர்களுக்கு அது வெறுஞ் செய்தி. செய்தித்தாள் அதை மறுநாள் சொல்லும். பெரிய வானொலி நிலையம் அடுத்த செய்தி நேரம் வரும்வரை காத்திருந்து, மாநிலம் முழுவதற்கும் சொல்லும். சாலையோரப் பலகையோ எழுதியதையே என்றும் சொல்லிக்கொண்டிருக்கும்.

வேண்டியவர்க்கு மட்டும், வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், குறைந்த செலவில் எச்சரிக்கை செய்வது எப்படி? இவ்வினாவிற்கு விடை காண அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகள் 1970-களில் மூன்று வெவ்வேறு வழிகளில் முயன்றன. ஒரு நாட்டின் முயற்சி சோதனையோடு நின்றது. மற்ற இரண்டும் பல ஆண்டுகள் பயன்பட்டன. அம்முயற்சிகளையும், அவற்றின் அடியில் உள்ள எளிய இயற்பியலையும் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எச்சரிக்கை ஏன் முந்தி வரவேண்டும்?

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. கண் ஆபத்தைக் கண்டு, மூளை கட்டளையிட்டு, கால் பிரேக்கை மிதிக்க 2 நொடி ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் கார் 50 மீட்டர் ஓடிவிடும். பிறகு, டயருக்கும் ஈரச் சாலைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.5 என்று கொண்டால், பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தை 2 × 0.5 × 9.8 ஆல் வகுத்தால் கிடைக்கும். அதாவது 625 ÷ 9.8, ஏறத்தாழ 64 மீட்டர். இரண்டையும் கூட்டினால் 114 மீட்டர். மூடுபனியில் பார்வை 114 மீட்டருக்குக் குறைந்துவிட்டால், கண் கண்ட பிறகு காரை நிறுத்த இடமில்லை. ஆகவே கண்ணுக்கு முன்பே காதுக்குச் செய்தி வந்தாக வேண்டும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில், கால்ஹூன் என்னும் ஊருக்கு அருகே, 75-ஆம் எண் நெடுஞ்சாலை ஹைவாசி ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கடந்து செல்கிறது. 1990 டிசம்பர் 11 அன்று அங்கே மூடுபனி சாலையை மூடியது. முன்னே சென்ற வண்டிகள் வேகம் குறைத்தன. பின்னே வந்தவை அவற்றைக் காணவில்லை. 99 வண்டிகள் அந்த விபத்தில் சிக்கின. 12 பேர் மாண்டனர். 42 பேர் காயமுற்றனர். பனிக்குள் நுழையும் வரை அவர்களுக்குச் சாலை சாதாரணமாகவே இருந்தது. உள்ளே நிகழ்வதை வெளியே உள்ளவர்க்குச் சொல்ல வழியில்லாமற் போனதே பேரிழப்பிற்குக் காரணங்களுள் ஒன்று.

அதன்பின் அம்மாநிலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்திற்கு ஓர் எச்சரிக்கை அமைப்பை நிறுவியது. 1994-இல் அது பயனுக்கு வந்தது. பார்வைத் தொலைவை அளக்கும் கருவிகள், வண்டிகளின் வேகத்தை உணரும் கருவிகள், எழுத்து மாறும் பலகைகள், வேக வரம்பு மாறும் பலகைகள் ஆகியவற்றோடு இரண்டு சிறிய வானொலி ஒலிபரப்பிகளும் அதில் இடம் பெற்றன. பார்வை 480 அடிக்குக் குறைந்தால் வேக வரம்பு மணிக்கு 35 மைல். 240 அடிக்கும் குறைந்தால் சாலையையே மூடிவிடுவது என்பது விதி. மாணவர்கள் மேற்சொன்ன கணக்கையே இதற்கும் போட்டுப் பார்க்கலாம். 35 மைல் என்பது நொடிக்கு 15.6 மீட்டர். எதிர்வினைத் தூரம் 31 மீட்டர். பிரேக் தூரம் 25 மீட்டர். மொத்தம் 56 மீட்டர். 240 அடி என்பது 73 மீட்டர். ஆகவே அந்த வேகத்தில் செல்பவர் தாம் காணும் தூரத்திற்குள் வண்டியை நிறுத்திக்கொள்ள முடியும். பார்வை அதற்கும் வெகுவாகக் குறைந்தால் முடியாது. விதிக்குள் இருக்கும் நியாயம் இதனால் விளங்கும்.

அமெரிக்க வழி: சாலையோரச் சிறு நிலையம்

காரில் ஏற்கெனவே உள்ள சாதாரண வானொலிப் பெட்டியையே பயன்படுத்துவது அமெரிக்கர்கள் கண்ட வழி. 1977-இல் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் ‘பயணிகள் தகவல் நிலையம்’ என்னும் புதுவகை நிலையத்திற்கு இசைவளித்தது. இதற்கென மத்திய அலைப் பட்டையின் இரு ஓரங்களில் 530 கிலோஹெர்ட்ஸ், 1610 கிலோஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அதிர்வெண்கள் ஒதுக்கப்பட்டன. அங்கே பெரிய நிலையங்கள் 50,000 வாட் வரை பயன்படுத்த, இச்சிறு நிலையத்திற்கு வரம்பு 10 வாட்தான். அதாவது வீட்டில் எரியும் சிறு விளக்கு ஒன்றின் ஆற்றல். ஏரியலின் உயரம் 15 மீட்டருக்கு மேற்படக் கூடாது. 1.5 கிலோமீட்டர் தொலைவில் புலச் செறிவு மீட்டருக்கு 2 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. வணிக விளம்பரத்திற்கு இடமில்லை.

இவ்வளவு சிறிய ஆற்றல் போதுமா என்ற ஐயம் எழலாம். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 530 கிலோஹெர்ட்ஸுக்கு அது 566 மீட்டர். நன்கு கதிர்வீசும் கால் அலை ஏரியல் வேண்டுமென்றால் 141 மீட்டர் உயரக் கம்பம் நட வேண்டும். 15 மீட்டர்க் கம்பம் அதில் பத்தில் ஒரு பங்கே. ஆகவே கொடுத்த 10 வாட்டிலும் பெரும்பகுதி தரையிலும் சுருளிலும் வெப்பமாக வீணாகிறது. பெரிய நிலையத்திற்கு இது குறை. இங்கோ இது குறையன்று. செய்தி சில கிலோமீட்டருக்கு அப்பால் போகக் கூடாது என்பதுதானே நோக்கம்! புலச் செறிவு தொலைவுக்கு எதிர்விகிதத்தில் குறைவதாகக் கொண்டால், 1.5 கிலோமீட்டரில் 2 மில்லிவோல்ட்டாக இருப்பது 3 கிலோமீட்டரில் 1 ஆகவும், 6 கிலோமீட்டரில் அரையாகவும் ஆகும். தரையின் இழப்பால் உண்மையில் இன்னும் சற்று விரைவாகவே குறையும். எனவே அடுத்த ஊரில் அதே அதிர்வெண்ணில் வேறொரு நிலையம் வேறொரு செய்தியைச் சொல்லலாம்.

சாலையோரத்தில் ஒரு பலகை, இந்த எண்ணுக்குத் திருப்புங்கள் என்று ஓட்டுநரிடம் சொல்லும். அவசர நேரத்தில் பலகையின் மேல் விளக்கு மின்னும். ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பினால், பதிவு செய்யப்பட்ட ஒரு சிறு செய்தி திரும்பத் திரும்ப ஒலிப்பதைக் கேட்கலாம்.

அச்செய்தி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதும் ஒரு கணக்கே. நிலையத்தைச் சுற்றி 3 கிலோமீட்டர் ஆரத்திற்குத் தெளிவாகக் கேட்கிறது என்று கொள்வோம். நடுவே செல்லும் சாலையில் 6 கிலோமீட்டர் தூரம் கேட்கும். நொடிக்கு 25 மீட்டர் செல்லும் கார் இதை 240 நொடியில் கடக்கும். செய்தி 2 நிமிடம் நீண்டால் என்னவாகும்? நடுவில் திருப்பியவர் மீதியைக் கேட்டு, மீண்டும் முதலிலிருந்து முழுவதும் கேட்டு முடிக்க 4 நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் எல்லையையே கடந்துவிடுவார். ஒரு நிமிடச் செய்தியானால் 2 நிமிடத்தில், அதாவது 3 கிலோமீட்டருக்குள், எவரும் ஒரு முறை முழுமையாகக் கேட்டுவிடுவர். ஆகவே கேட்கும் நேரத்தில் பாதிக்கு மேல் செய்தி நீளக் கூடாது. அதனினும் குறைவாயிருப்பது நன்று.

மலைப்பகுதி, நெரிசலான நகரம் போன்ற இடங்களுக்குக் கம்பத்திற்குப் பதிலாகக் கேபிள் முறையும் உண்டு. வெளிக்கூட்டில் வேண்டுமென்றே இடைவெளி விட்ட கேபிளைச் சாலையோரமாகப் பதித்தால், அலை அதன் நீளம் முழுவதும் சிறிது சிறிதாகக் கசியும். சாலையை ஒட்டிச் செல்பவர்க்கு மட்டும் கேட்கும்; சற்று விலகினால் கேட்காது. ஜப்பானின் விரைவுச் சாலைகளில் 1620 கிலோஹெர்ட்ஸில் இத்தகைய கேபிள் வழி ஒலிபரப்பு அமைக்கப்பட்டது.

குறைகளும் உண்டு. இரவில் மத்திய அலைகள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதொலைவு செல்வதை நாம் அறிவோம். பகலில் கேளாத தொலைநிலையங்கள் இரவில் நம் பெட்டியில் கேட்பது இதனாலேயே. அவற்றின் முன் 10 வாட் குரல் தளர்ந்துவிடும். இடி மின்னலும், மின் கம்பிகளும் இரைச்சல் தரும். இவற்றினும் பெரிய குறை, ஓட்டுநர் தாமாகக் கைப்பிடியைத் திருப்பினாலன்றிச் செய்தி அவரைச் சேராது என்பது.

பிரிட்டிஷ் வழி: தனிப்பெட்டி

அக்குறையை நீக்க விழைந்தவர்கள் பி.பி.சி. ஆராய்ச்சித் துறையினர். 1970-களில் அவர்கள் ‘கார்ஃபாக்ஸ்’ என்னும் திட்டத்தை வகுத்துச் சோதித்தனர். நாடெங்கும் சிறு ஆற்றல் ஒலிபரப்பிகள் பல. எல்லாவற்றிற்கும் மத்திய அலையில் ஒரே அதிர்வெண். அண்டை நிலையங்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்க, ஒன்று பேசும்போது மற்றவை வாய் மூடியிருக்கும். முறை வைத்துப் பேசும். காரில் அந்த ஓர் அதிர்வெண்ணுக்கே அமைந்த தனி ஏற்பி இருக்கும். தொடக்கச் சைகை வந்தால்தான் அது வாய் திறக்கும். மற்ற நேரத்தில் ஓசையின்றிக் காத்திருக்கும்.

திட்டம் நுட்பமானது, சிக்கனமாக அதிர்வெண்ணைப் பயன்படுத்துவது. ஆனால் நாடு தழுவிய சேவையாக அது மலரவில்லை. இதில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. புதிதாக ஒரு வலைப்பின்னலையும், அதைத் தவிர வேறெதற்கும் உதவாத ஒரு புதுப் பெட்டியையும் அது ஒருங்கே வேண்டியது. பெட்டி பரவாமல் நிலையம் கட்டுவது வீண். நிலையம் இல்லாமல் பெட்டி வாங்குவோர் இல்லை. ஒலிபரப்பி எவ்வளவு மலிவானாலும், கேட்பவர் தலையில் செலவை ஏற்றும் முறை மலிவானதன்று.

ஜெர்மானிய வழி: இசைக்குள் மறைந்த சைகை

மேற்கு ஜெர்மனியில் பண்பலை வானொலி நன்கு பரவியிருந்தது. 1971-இல் பவேரிய வானொலி தன் மூன்றாவது அலைவரிசையைப் போக்குவரத்துச் செய்திகளுக்கு முதன்மை தரும் சேவையாகத் தொடங்கியது. ஆனால் ஓட்டுநர் அப்போது நாடாவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால்? அல்லது ஒலியைக் குறைத்து வைத்திருந்தால்? இதற்கு வானொலித் தொழில்நுட்ப நிறுவனமும் பிளாபுங்ட் நிறுவனமும் சேர்ந்து கண்ட விடைதான் ‘ஆரி’ என்னும் முறை. 1974-இல் அது நடைமுறைக்கு வந்தது.

ஸ்டீரியோ பண்பலை ஒலிபரப்பின் அமைப்பை நினைவு கொள்வோம். 15 கிலோஹெர்ட்ஸ் வரை இரு ஒலிகளின் கூடுதல். 19 கிலோஹெர்ட்ஸில் வழிகாட்டிச் சைகை. 23 முதல் 53 வரை இரு ஒலிகளின் வேறுபாடு. அதற்கு மேல் காலியிடம். அக்காலியிடத்தில், 19-இன் மும்மடங்கான 57 கிலோஹெர்ட்ஸில், ஒரு துணை ஊர்தி அலையை ஏற்றினார்கள். மனிதச் செவிக்கு அது எட்டாது. வழிகாட்டிச் சைகையோடு சரியாக மும்மடங்கில் பிணைந்திருப்பதால் இசைக்கும் ஊறு செய்யாது.

இந்தத் துணை அலை மூன்று செய்திகளைச் சொல்லும். அது இருப்பதே முதற் செய்தி: ‘இது போக்குவரத்துச் செய்தி தரும் நிலையம்’ என்பது. அதன் வீச்சு மிகத் தாழ்ந்த ஓர் அதிர்வெண்ணில் ஏறி இறங்குவது இரண்டாம் செய்தி: ‘இது இன்ன வட்டாரத்துக்கு உரியது’ என்பது. வட்டாரங்களுக்கு ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை எழுத்துகள் தரப்பட்டன. அறிவிப்பு நடக்கும்போது மட்டும் 125 ஹெர்ட்ஸில் வீச்சு மாறுவது மூன்றாம் செய்தி: ‘இதோ இப்போது பேசுகிறோம்’ என்பது. இதை உணர்ந்தவுடன் பெட்டி தானாக நாடாவை நிறுத்தும், ஒலியைக் கூட்டும், அறிவிப்பு முடிந்ததும் மீண்டும் பாட்டுக்குத் திரும்பும். நெடுஞ்சாலை ஓரத்து நீலப் பலகைகள் அவ்வட்டாரத்தில் எந்த அதிர்வெண்ணைக் கேட்க வேண்டும் என்பதைக் காட்டின.

இதன் சிக்கனம் கவனிக்கத்தக்கது. புது ஒலிபரப்பி இல்லை; புது அதிர்வெண் இல்லை. 57,000-ஐ 456-ஆல் வகுத்தால் 125 வருகிறது. அதாவது எளிய வகுப்புச் சுற்று ஒன்றே சைகையைப் பிறப்பிக்கப் போதும். எல்லாவற்றினும் மேலாக, பழைய பெட்டி வைத்திருந்தவர் எதையும் இழக்கவில்லை. பெட்டி தானாக விழித்துக்கொள்ளாதே தவிர, அதே செய்தியை அவரும் கேட்கலாம். கார்ஃபாக்ஸ் தடுக்கி விழுந்த இடத்தை ‘ஆரி’ கடந்தது இவ்வாறுதான்.

1984-இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் ‘ஆர்.டி.எஸ்.’ எனப்படும் எண்முறைத் திட்டத்தை வெளியிட்டது. அதுவும் அதே 57 கிலோஹெர்ட்ஸில்தான் அமர்ந்தது. நொடிக்கு 1187.5 பிட் என்னும் அதன் விநோத வேகம், 57,000-ஐ 48-ஆல் வகுத்து வந்தது. கட்டத்தில் 90 பாகை விலகி நின்றதால், இரண்டும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று இடிக்காமல் குடியிருந்தன. பின்னர் ஜெர்மனியில் ‘ஆரி’ 2005-இல் ஓய்வு பெற்றது. அது செய்த பணியை ஆர்.டி.எஸ். இல் உள்ள இரண்டே பிட்டுகள் ஏற்றுக்கொண்டன: ஒன்று, இந்நிலையம் போக்குவரத்துச் செய்தி தரும் என்பது, மற்றொன்று, அறிவிப்பு இப்போது நடக்கிறது என்பது. வேறு நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாலும், அதன் துணை நிலையத்தில் அறிவிப்பு வந்தால் பெட்டியை அங்கே மாற்றும் வசதியும் சேர்ந்தது. 1997-இல் ஜெர்மனியில் தொடங்கிய எண்முறைப் போக்குவரத்துச் செய்திச் சேவை இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதில் சொற்களே இல்லை. இடத்திற்கு ஓர் எண், நிகழ்ச்சிக்கு ஓர் எண். பெட்டி தன் அட்டவணையைப் பார்த்து, ஓட்டுநரின் தாய்மொழியிலேயே செய்தியைச் சொல்லும்.

நல்ல எச்சரிக்கையின் இலக்கணம்

கருவி எதுவாயினும் செய்தி சரியாக இல்லாவிட்டால் பயனில்லை. நல்ல எச்சரிக்கைக்கு ஐந்து உறுப்புகள் உண்டு: எந்தச் சாலை, எந்தத் திசை, எங்கிருந்து எதுவரை, என்ன நேர்ந்துள்ளது, கேட்பவர் என்ன செய்ய வேண்டும். ‘முன்னே எச்சரிக்கையாகச் செல்லவும்’ என்பது ஐந்தில் நான்கை விட்டுவிட்டது. அதைக் கேட்டு எவரும் கால் எடுக்க மாட்டார்.

ஜெர்மனியில் எவரேனும் நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வண்டி ஓட்டி வருவது தெரிந்தால், நிகழ்ச்சியை இடையிலேயே நிறுத்தி அறிவிப்பார்கள். சாலை எண், திசை, எந்தெந்த வழித்தடங்களுக்கு இடையே என்பவற்றைச் சொல்லி, வலப்புற ஓரமாகச் செல்லுங்கள், முந்தாதீர்கள் என்று முடிப்பார்கள். அங்கே வண்டிகள் வலப்புறம் செல்வதால், எதிரே வருபவர் பெரும்பாலும் இடப்புறத் தடத்திலேயே வருவார். ஆகவே அந்த இரண்டு சொற்களும் உயிர் காப்பவை. ஆபத்து நீங்கியதும் அதையும் அறிவிப்பார்கள். இந்த இறுதி அறிவிப்பு முதல் அறிவிப்புக்குச் சற்றும் குறைந்ததன்று. நேற்றைய விபத்தை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் நிலையத்தை நாளை எவரும் கேட்கமாட்டார். புலி வருகிறது என்று பொய் சொன்ன சிறுவனின் கதை நாம் அறியாததன்று.

செய்தி உண்மையானவரிடமிருந்து வருகிறதா என்பதும் முக்கியம். 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள், எண்முறைச் செய்திச் சேவையில் விலை குறைந்த கருவியைக் கொண்டே பொய்ச் செய்தியைப் புகுத்தி, காரில் உள்ள வழிகாட்டிக் கருவியை நம்ப வைக்க முடியும் என்று செய்து காட்டினர். மலிவு என்பது நல்லவருக்கு மட்டும் மலிவன்று.

இன்றைய நிலை

இன்று கைப்பேசியும் செயற்கைக்கோள் வழிகாட்டியும் இப்பணியின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. அமெரிக்காவில் சில மாநிலங்கள் தம் சாலையோர நிலையங்களை மூடிவிட்டன. மின்சாரக் கார்கள் சிலவற்றில், மோட்டாரின் இரைச்சல் காரணமாக மத்திய அலை ஏற்பியே வைப்பதில்லை.

ஆயினும் வானொலிக்கு ஒரு தனிச் சிறப்பு எஞ்சியுள்ளது. கைப்பேசி வலையில் கேட்பவர் பெருகப் பெருக நெரிசல் பெருகும். வானொலியில் பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் ஒலிபரப்பிக்குச் செலவு ஒன்றே. புயலிலும் வெள்ளத்திலும் கோபுரங்கள் மௌனமாகிவிட்டால், ஒரு மின்கலத்தில் இயங்கும் 10 வாட் ஒலிபரப்பியும் காரில் உள்ள பழைய பெட்டியும் அப்போதும் பேசும்.

முடிவுரை

மூன்று நாடுகளின் முயற்சிகளையும் ஒப்பிட்டால் தெரிவன இவை. முதலாவது, மக்களிடம் ஏற்கெனவே உள்ள கருவியைப் பயன்படுத்தும் முறையே உண்மையில் மலிவானது. இரண்டாவது, தொலைவு குறைந்த ஒலிபரப்பு குறையுள்ள ஒலிபரப்பன்று. உரியவரை மட்டும் சேர்வதே அதன் ஆற்றல். மூன்றாவது, ஒலிபரப்பியின் விலை சிறிது. பனி எங்கே இறங்கியுள்ளது, அது எப்போது விலகியது என்று பார்த்து, உண்மையை மட்டும் உடனுக்குடன் சொல்லும் மனிதரின் உழைப்பே பெரிது. அளக்கும் கருவியும் அறிவிக்கும் மனிதரும் இல்லாத இடத்தில் 50,000 வாட்டும் பயனற்றது. இருவரும் விழித்திருந்தால், பள்ளத்தாக்கின் பனியை நோக்கி வரும் காரை அதற்கு 3 கிலோமீட்டர் முன்பே மெல்லச் செல்ல வைக்க 10 வாட் போதும்.